‘கடலடிச் சிறை’ படித்த அண்ணி

அண்ணியைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தால், “எழுதிக்க பாப்பா, ஆனா யார்கிட்டயும் காட்டாதே” என்றிருப்பார். அப்படிப்பட்டவர்.

அண்ணன் அவரைக் கட்டிக்கொண்டு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தேன். எங்களுக்குக் காரைக்காலில் தலத்தெரு. அண்ணிக்குக் கோட்டுச்சேரி. பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். ஆனாலும் அம்மா வீட்டுக்கு அவர் அதிகம் போகமாட்டார். ஏன் என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அம்மா, அண்ணன், நான் மூன்று பேர். அப்பா எப்போதோ போய்விட்டார். மூன்று பேருமே வாசலில் நிற்பவருக்குக் கேட்கும்படி பேசுகிறவர்கள். மனசில் ஒன்று தோன்றினால் அது வாய்க்கு வந்து சேர நேரமே ஆகாது. அந்த வீட்டுக்குள் அண்ணி வந்தார்.

அவரிடம் சொன்ன செய்தி கிணற்றில் போட்ட கல். இது தெருவுக்கே சீக்கிரம் தெரிந்துபோயிற்று. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து கூடையில் மீன் கொண்டுவருகிற அம்மாள், மீனை வைத்துவிட்டு அண்ணியிடம் மணிக்கணக்காகத் தாழ்ந்த குரலில் பேசிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார். அம்மாவுக்கு இருப்புக்கொள்ளாது.

“என்னவாம்?”

“காலா மீன் நல்லா இருக்காம் அத்தை.”

“அதுக்கா அழுதா?”

“அழுததை நீங்களும்தானே பார்த்தீங்க” என்பார் அண்ணி. அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அதற்காக அவர் பொய் சொல்கிறவர் இல்லை. நான் ஒருமுறை ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு, தோழிகளோடு மேட்னி ஷோ பார்க்கப் போனேன். தியேட்டர் வாசலில் அண்ணி கண்ணில் பட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவு ஓரமாக நின்றுகொண்டேன். அம்மா அண்ணியிடம் கேட்டாள்: “பாப்பாவை எங்கயாவது பார்த்தியா?”

“பார்த்தேன் அத்தை.”

“எங்க?”

“அதை அவளையே கேளுங்க.”

அன்றைக்கு எனக்கு விழுந்த அடி இன்னும் நினைவிருக்கிறது. பொய்யும் சொல்லமாட்டார், உண்மையையும் எடுத்துக் கொடுக்கமாட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒற்றையடிப் பாதை மாதிரி ஓர் இடம் இருக்கிறது. அண்ணி அதில்தான் நடந்தார். கூட நடக்கிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

அவருடைய கல்யாணப் பெட்டியை அம்மாதான் திறந்து அடுக்கினாள். கூறைப்புடவைக்கு அடியிலிருந்து ஒரு காமிக்ஸ் புத்தகம் வந்தது. கையடக்கமான புத்தகம். அட்டையில் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவன் தன் காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு நிற்கிறான். பின்னால் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று திமிங்கிலம் மாதிரி வாயைப் பிளந்திருக்கிறது. மேலே சிவப்பு எழுத்தில் ‘கடலடிச் சிறை’. அதற்கும் மேலே சின்னதாக, ‘ஏஜென்ட் கார்வன் சாகசம்’.

“இது யாரோட பொம்மைப் புஸ்தகம்? உன் தம்பி வச்சிட்டானா?” என்றாள் அம்மா.

“எனக்குத் தம்பி இல்லையே அத்தை. என்னோடதுதான். புடவை எடுக்க காரைக்கா வந்தோமே, அன்னிக்கு பஸ் ஸ்டாண்டு கடையில வாங்கினேன். புடவை உங்களுக்குப் பிடிச்சதா எடுத்தோம். இது எனக்குப் பிடிச்சதா எடுத்தேன்.”

சொன்ன விதத்தில் குத்தல் எதுவும் இல்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னார். அண்ணன் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

கல்யாணமான பெண் பொம்மைப் புத்தகம் படிக்கிறாள் என்று மாதா கோயில் ஆட்கள் பேசுவார்களே என்பது அம்மாவின் கவலை. “குறைஞ்சபட்சம் அட்டையையாவது போட்டு மூடு” என்றாள். அம்மாவின் பழைய ஜெபப்புத்தகத்துக்குப் போட்ட பழுப்புத்தாள் மிச்சம் இருந்தது. அண்ணி அதையே கார்வனுக்கும் போட்டார். இரண்டும் கூடத்து மாடத்தில், மாதா படத்துக்குக் கீழே, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. இரண்டும் ஒரே உயரம், ஒரே பழுப்பு.

அந்தக் கதையை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். கார்வன் ஓர் உளவாளி. ஆய்வுக்கூடத்தில் ஏதோ வெடித்து அவனுடைய காதுகளுக்கு அசாதாரண சக்தி வந்துவிடுகிறது. பக்கத்து ஊரில் ஒருவர் பெருமூச்சு விட்டால்கூட இவனுக்குக் கேட்கும். அதனால் எந்நேரமும் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு திரிவான். பஞ்சை எடுத்தான் என்றால் எதிரிகள் தொலைந்தார்கள் என்று அர்த்தம். இந்தப் புத்தகத்தில் அவனை டாக்டர் ஸ்கார்ப் என்கிற வில்லன் பிடித்துக் கடலுக்கு அடியில் உள்ள சிறையில் அடைத்துவிடுகிறான். பஞ்சைப் பறித்துக்கொண்டு, தலைக்கு மேலே ஒரு ராட்சத மணியை ஓயாமல் அடிக்கிறார்கள். கூட வேலை செய்கிற இன்னோர் உளவாளியின் பெயரைச் சொன்னால் மணி நிற்கும். கார்வன் சொல்லமாட்டான். மணி அடிக்கிறவனுக்குக் கை வலித்து ஆள் மாறுகிற அந்த இடைவெளியில், எந்தச் சுவரில் தண்ணீர் கசிகிறது என்று காதால் கண்டுபிடித்து, அந்தச் சுவரை உடைத்துத் தப்பிக்கிறான். கடைசிப் படத்தில் அவனுடைய மேலதிகாரி, எப்படித் தாங்கினாய் என்று கேட்கிறார். கார்வன் சொல்கிறான்: “கேட்டார்கள். நான் சொல்லவில்லை. அவ்வளவுதான்.”

அண்ணிக்கு அந்தக் கடைசிப் படம் உயிர்.

மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, கூடத்தில் பாய் விரித்து அம்மா ஒருக்களித்துப் படுப்பாள். அண்ணி சுவரில் சாய்ந்து புத்தகத்தைப் பிரிப்பார். முதலில் தனக்குத்தான் படித்தார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, “உனக்குள்ளேயே என்ன சிரிப்பு? வாய்விட்டுப் படியேன்” என்றாள் அம்மா. அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அண்ணி குரலை மாற்றிமாற்றிப் படிப்பார். டாக்டர் ஸ்கார்ப்புக்கு அடித்தொண்டை. மணிக்குக் குழம்புக் கரண்டியால் செம்பில் ஒரு தட்டு.

“படத்தையும் சொல்லு. எனக்கு எழுந்திரிச்சுப் பார்க்கச் சோம்பலா இருக்கு” என்பாள் அம்மா. அண்ணி படத்தையும் சொல்வார். “இப்ப கார்வன் சுவத்துல காதை வச்சிருக்கான் அத்தை. நெத்தியில வேர்வை. பின்னால ஒரு மீனு இவனையே பார்க்குது.”

“என்ன மீனு?”

“வெள்ளைக்காரங்க வரைஞ்ச மீனு. நம்ம ஊர்ல பேரில்ல.”

அம்மாவுக்குக் கார்வன் என்ற பெயர் வாயில் நுழையவில்லை. பஞ்சுக்காரன் என்றே வைத்துக்கொண்டாள். “நானா இருந்தா மொத மணிக்கே எல்லாரு பேரையும் சொல்லிட்டு வந்திருப்பேன்” என்று அவள் சொன்னபோது, அண்ணி சிரித்த சிரிப்பில் செம்பு உருண்டது. வெளியே வெயில் கொளுத்தும். உப்புக்காற்று ஜன்னல் கதவைத் தட்டும். நான் அம்மாவின் காலடியில் படுத்துக்கொண்டு, எத்தனையோ முறை கேட்ட கதையை அடுத்து என்ன ஆகுமோ என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த மதியங்களைப் போல நிம்மதியாக நான் பிறகு எங்கும் படுத்ததில்லை.

ஒருமுறை அண்ணன் கும்பகோணம் போய்விட்டு, ஆசையாகக் கார்வனுடைய இன்னொரு புத்தகம் வாங்கிவந்தான். அண்ணி ஒரே மூச்சில் படித்துவிட்டு எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். ஏன் அண்ணி என்றேன். “இதுல அவன் ரொம்பப் பேசுறான்” என்றார்.

அண்ணனுக்கு ஊரில் வேலை சரியாக அமையவில்லை. வயரிங் வேலை தெரியும். நாலு நாள் இருக்கும், பத்து நாள் இருக்காது. அவனுடைய கூட்டாளிகள் ஒவ்வொருவராகத் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. அம்மாவின் ஒரே அண்ணன் பிரெஞ்சுக்காரன் காலத்தில் சைகோனுக்குக் கப்பலேறிப் போனவர். போனவர் போனவர்தான். இருக்கிறாரா இல்லையா என்று ஒரு சொல் வரவில்லை. தொப்பி வைத்த அவருடைய போட்டோ கூடத்தில் மாட்டியிருந்தது. மாலை போடவும் முடியாமல், போடாமல் இருக்கவும் முடியாமல் அம்மா அதை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். “என் வயித்துல பொறந்தது எதுவும் கடலைத் தாண்டக்கூடாது” என்பாள்.

மெட்ராஸில் ஒரு கான்ட்ராக்ட் வேலை என்று சொல்லிவிட்டு அண்ணன் கிளம்பினான். அம்மா கையால் சோறு கட்டிக் கொடுத்தாள். நாட்கள் போயின. “எப்ப வர்றானாம்?” என்று அம்மா அண்ணியைக் கேட்டபோதெல்லாம், “வர்றப்ப தெரியும் அத்தை” என்றே பதில் வந்தது. ஒரு சாயங்காலம் அண்ணனின் கூட்டாளி ஒருவர் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. “பம்பாய்ல ப்ளேன் ஏத்திவிட்டுட்டுத்தான் வர்றேன்மா. நல்லபடியா எறங்கிட்டான்னும் சேதி வந்துடுச்சு. உங்ககிட்ட நேர்ல சொல்லச் சொன்னான்” என்றார்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. திரும்பி அண்ணியைப் பார்த்தாள்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும் அத்தை.”

“மெட்ராஸுன்னு சொல்லிட்டுப் போனப்பவே?”

“ஆமாங்க அத்தை.”

“தெரிஞ்சுக்கிட்டா என் கையால சோறு கட்ட விட்டே? ஏன்டி சொல்லல?”

“சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. சொல்லல.”

அந்தக் கடைசிப் படம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அம்மாவுக்கும் அதுதான் வந்திருக்க வேண்டும். “கேட்டாங்களாம், சொல்லலையாம்! அந்தப் புஸ்தகத்தைப் படிச்சுப் படிச்சுத்தான்டி நீ இப்படி ஆயிட்டே!” என்று கத்திக்கொண்டே மாடத்துக்குப் போனாள். மேலே இருந்த பழுப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்தாள். நேராக அடுப்படிக்குப் போய், எரிந்துகொண்டிருந்த விறகுக்கு நடுவில் திணித்தாள்.

அண்ணி அடுப்படி நிலைவாசலில் நின்றார். நெருப்பைப் பார்த்தார். பதறிப்போய் ஓர் அடி எடுத்து வைத்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். நின்றுவிட்டார். ஆசைப்பட்ட புத்தகம் எரிகிறதே என்று பதறுகிறார் என நினைத்தேன். எனக்கும் அன்று அண்ணிமேல் கோபம்தான்; எரியட்டும் என்றுகூட நினைத்தேன்.

அதற்குப் பிறகு அம்மா அண்ணியோடு பேசவில்லை. எல்லாம் என் வழியாகத்தான். “சோத்தை வடிச்சாச்சான்னு அவகிட்ட கேளு” என்பாள், அண்ணி கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே. அண்ணி, “வடிச்சாச்சுன்னு அத்தைகிட்ட சொல்லு பாப்பா” என்பார். அம்மா பாதி சாப்பாட்டில் எழுந்துவிடுவாள். மதியங்களில் கூடத்துப் பாயில் படுத்திருப்பாள், தூங்கமாட்டாள். அண்ணி பின்கட்டில் உட்கார்ந்து தேங்காய்நார் திரிப்பார், இல்லை சும்மா இருப்பார். தன் பக்கத்து நியாயமாக அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதை அண்ணன்தான் வருஷங்கள் கழித்து, லீவில் வந்திருந்தபோது சொன்னான். “போகாதீங்கன்னு காலைப் பிடிச்சு அழுதா. போறதுன்னா அத்தைகிட்ட நீங்களே சொல்லிட்டுப் போங்கன்னா. சொன்னா அம்மா விடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்.” இதைக்கூட அண்ணி எங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிப் பழி அவன்மேல் போயிருக்கும்.

வீட்டில் நிற்காத ஒரே விஷயம் சாயங்கால ஜெபம். விளக்கேற்றியதும் மூன்று பேரும் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்போம். ஜெபப்புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அம்மா பிரார்த்தனையைச் சொல்வாள். நாங்கள், “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று பதில் சொல்வோம். புத்தகத்தை மாடத்திலிருந்து எடுத்து அம்மா கையில் கொடுப்பது அண்ணியின் வேலையாக எப்போது ஆயிற்று என்று நான் கவனிக்கவில்லை. பேச்சு இல்லாமல் அவர் நீட்டுவார். பேச்சு இல்லாமல் அம்மா வாங்கிக்கொள்வாள்.

ஒருநாள் எனக்கு முழங்கால் வலித்து, அம்மாவுக்குப் பின்பக்கமாக நகர்ந்து நின்றேன். தற்செயலாக அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். அம்மாவின் இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே ஒரு நீர்மூழ்கிக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. மேலே கட்டத்துக்குள், “மணியை நிறுத்தாதே, மடையா!” என்று டாக்டர் ஸ்கார்ப் கத்திக்கொண்டிருந்தான். அம்மா கண்களைப் பக்கத்தின்மேல் வைத்தபடியே, உருக்கமாக அடுத்த வரியைச் சொன்னாள். பக்கத்தையும் புரட்டினாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணியைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றிருந்தார். அவருடைய முகத்தில் சிரிப்பு இல்லை. அப்போதுதான் எனக்கும் சிரிப்பு நின்றது. அம்மாவுக்குக் கண் தெரியவில்லை.

அரிசியில் கல் விட்டுப்போனதும், அம்மா புடைத்த அரிசியை அண்ணி திரும்ப ஒருமுறை முறத்தில் போட்டுப் பார்த்ததும், ஊசியில் நூல் கோக்க அம்மா என்னைக் கூப்பிட்டதும், படத்தைச் சொல்லச் சொன்னதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவ்வளவு நாளும் அம்மாவுக்குப் பிரார்த்தனை மனப்பாடமாக வந்தது. புத்தகம் கைக்கு ஒரு துணை. புருஷன் இல்லாத வீட்டைத் தனியாகக் கட்டியாண்டவள். கண் போயிற்று என்று தெரிந்தால், இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தை யார் கேட்பார்களோ என்ற பயம். அடுப்பில் எரிந்தது எது என்று அன்று அண்ணி பார்த்திருக்கிறார். அது ஜெபப்புத்தகம் என்று சொல்லியிருந்தால், அம்மாவுக்குக் கண் தெரியவில்லை என்பதையும் எல்லார் முன்னாலும் சொன்னதாக ஆகியிருக்கும்.

கிணற்றடியில் அண்ணியைப் பிடித்தேன். “அம்மா கையில இருக்கிறது என்னன்னு உங்களுக்குத் தெரியும்தானே?”

“அத்தை கையில இருக்கிறதை அத்தையைக் கேளு.”

“எத்தனை நாளா அண்ணி அம்மாவுக்குக் கண்ணு…”

“தண்ணி வழியுது பாரு” என்று குடத்தைக் காட்டினார்.

ஆனால் மறுநாள், பச்சை விறகு புகைந்துகொண்டிருந்த அடுப்பின் முன்னாலிருந்து என்னைக் கூப்பிட்டார். “எனக்குக் கண்ணு எரியுது பாப்பா. ஆஸ்பத்திரிக்குப் போகணும், துணைக்கு வரமுடியுமான்னு அத்தைகிட்ட கேளு.” அந்தப் புகையில் யாருக்குத்தான் கண் எரியாது! கேட்டேன். அம்மா இடுப்புச் சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, “வெயிலுக்கு முன்னாடி கெளம்பச் சொல்லு” என்றாள்.

டாக்டர் அண்ணியின் கண்ணைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். “இவங்களையும் ஒரு தடவை பார்த்துடுங்க டாக்டர், வந்தது வந்தாச்சு” என்றார் அண்ணி. அம்மாவை உட்காரவைத்தார்கள். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. “இத்தனை நாளா எப்படிம்மா சமாளிச்சீங்க?” என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வருகிற வழியில், ரிக்‌ஷாவில், “இவளுக்கு முன்னாடியே தெரியுமா?” என்று என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நானும் அண்ணி மாதிரி ஆகிவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்து, சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தாள். எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். என் முகத்தில் பரு வந்திருக்கிறது என்றாள். சாயங்காலம் ஜெபத்துக்கு நேரமானபோது, அண்ணி எடுத்துத் தருமுன் அவளே மாடத்துக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்தாள். அண்ணி விளக்கைத் துடைப்பதுபோல நின்றார்.

அம்மா பிரித்தாள். ஒரு பக்கம் பார்த்தாள். இன்னொரு பக்கம். அட்டையைக் கழற்றிப் பார்த்தாள்.

“அப்ப, அடுப்புல போனது?”

அண்ணி விளக்கை இன்னும் அழுத்தித் துடைத்தார்.

“உன்கிட்டப் போய்க் கேக்கிறேன் பாரு” என்றாள் அம்மா. அவ்வளவு மாதங்களுக்குப் பிறகு அண்ணியிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. “சாமியார்கிட்ட இதை என்னன்னு சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்றது? இத்தனை நாளா மாதா முன்னாடி பஞ்சுக்காரனைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன்!” மறுபடி அட்டைப் படத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். “இவனா அவன்? மூக்கு என்ன இப்படி இருக்கு? நீ சொன்னப்ப இன்னும் நல்லா இருந்தானே.”

அண்ணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மாவும் சிரித்தாள். அன்றைக்கு ஜெபம் புத்தகமில்லாமல்தான் நடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோயில் வாசல் கடையில் அண்ணி புது ஜெபப்புத்தகம் வாங்கினார். ‘கடலடிச் சிறை’யை மதியத்தில் அம்மாவே எழுத்துக் கூட்டிப் படித்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாள். அப்படிக் காட்டியதில் யாரோ ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை.

நான் நர்ஸாகி, பல வார்டுகளில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். அண்ணி வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சொல்லக்கூடாததைச் சொன்னார். அதனால்தான் என்னால் நர்ஸாக முடிந்தது.

அம்மாவுக்குக் கண் வந்த மறுவருஷம் எனக்கு நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம். அம்மா புதுக் கண்ணால் மாப்பிள்ளை போட்டோவைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனாள். எனக்கோ அதே வாரத்தில் புதுச்சேரியில் நர்ஸிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. அண்ணன் போன பிறகு அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அப்போதுதான் பார்க்கிறேன், எப்படிச் சொல்வது? சம்மதம் என்று சொல்லிவிட்டேன். பின்கட்டில் துவைகல்லில் உட்கார்ந்து, துவைத்த துணியையே திரும்பத் துவைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி வந்து பக்கத்தில் நின்றார். எதுவும் கேட்கவில்லை. நானே கொட்டிவிட்டேன்.

“அம்மாகிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. பாவம், இப்பத்தான் சிரிக்கிறாங்க.”

அவர் என் கையிலிருந்த துணியை வாங்கிப் பிழிந்து கொடியில் போட்டார். சரி என்று அவர் சொல்லவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் நாங்கள் மூவரும் அடுப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். கல்யாணத்தை எந்த மாதத்தில் வைக்கலாம் என்று அம்மா பேசிக்கொண்டிருந்தாள். அண்ணி கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

“அத்தை, பாப்பாவுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்ல. நர்ஸு படிப்புக்கு எடம் கெடச்சிருக்கு. உங்ககிட்ட சொல்லாதீங்கன்னு சொன்னா.”

அம்மா என்னைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய கண்கள் மிகப் பெரிதாக இருந்தன.

“நெஜமாடி?”

தலையை ஆட்டினேன்.

அம்மாவுக்கு என்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் அண்ணியைத்தான் திரும்பிப் பார்த்தாள். “சொல்லாதேன்னு ஒருத்தி சொன்னதை, நீ சொல்றியா? நீயா?”

“அவங்க போனப்ப சொல்லாம இருந்தேன் அத்தை” என்றார் அண்ணி. “அதுக்கப்புறம் நீங்க பட்ட பாட்டைப் பக்கத்துல இருந்து பார்த்தேன். தெனம் பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போவீங்க…”

உதடு கோணிக்கொண்டது. எங்கள் வீட்டுக்கு வந்து அத்தனை வருஷத்தில் அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. அம்மா அவசரமாகக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தரையோடு நகர்ந்து போய், அண்ணியின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். “அழுவாதே பொண்ணு. அழுவாதே. அவ படிக்கட்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு வேணாம்னு எழுதிப் போடச் சொல்றேன் நான். அழுவாதே” என்று சொல்லிக்கொண்டே தானும் அழுதாள்.

இரண்டு பேரும் என்னைச் சுத்தமாக மறந்துவிட்டார்கள். நான் முறத்தை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, மிச்ச வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தேன்.